நிலமும் கல்வியும்: ஐக்கிய அமெரிக்காவில் கறுப்பின மாணவரும் விவசாயக் கல்வியும் - ஒரு வரலாற்று நோக்கு

படித்த இளைஞர் கமத்தை வெறுக்கின்றனர் என்னும் முறைப்பாடு பல நாடுகளில் நெடுங்காலமாகக் கேட்டு வருவதொன்றாகும். ஐக்கிய அமெரிக்காவில் அது தனியொரு வடிவத்தைப் பெற்றுள்ளது. கறுப்பின மக்கள், அமெரிக்கப் பூர்வகுடிகள், ஸ்பானிய மொழிச் சமூகத்தினர் ஆகியோரின் பிள்ளைகளை விவசாயக் கல்விக்கும் அது சார்ந்த உத்தியோகங்களுக்கும் ஈர்க்கும் முயற்சிகள் 1980களிலிருந்து அங்கு பெருகி வந்துள்ளன. புலமைப்பரிசில்கள் வழங்கப்படுகின்றன; மாணவர் சங்கங்கள் அமைக்கப்படுகின்றன; விவசாயம் என்பது மண்வெட்டி பிடிப்பது மாத்திரமன்று, அது ஆய்வுகூடமும் வணிகமும் நிருவாகமும் சேர்ந்த துறை என எடுத்துரைக்கப்படுகின்றது. இம்மாணவரிடத்தே காணப்படும் தயக்கத்துக்குக் காரணமாகச் சொல்லப்படுவது பெரும்பாலும் ஒன்றே: அடிமைக் கால நினைவு அவர்களின் மனத்தில் ஊறிவிட்டது, அம்மனப்பாங்கை மாற்றிவிட்டால் போதும்.

இவ்விளக்கத்தை முற்றிலும் பொய்யென நாம் ஒதுக்கவில்லை. ஆனால் அது பாதி வழியில் நின்றுவிடுகின்றது. மனப்பாங்கு வெறுமையிலிருந்து தோன்றுவதில்லை. நிலம் எவரிடம் இருந்தது, கடன் எவருக்குக் கிடைத்தது, விளைச்சலின் கணக்கை எவர் எழுதினர் என்னும் வினாக்களுக்கு வரலாறு அளித்த விடைகளிலிருந்தே அது உருவாகின்றது. கறுப்பின இளைஞரை விவசாயத்துக்கு அழைக்கும் குரல் அமெரிக்காவில் நூற்றைம்பது ஆண்டுகளாகக் கேட்டு வருகின்றது. அவ்வழைப்போடு நிலமும் கடனும் அதிகாரமும் சேர்ந்து வந்தனவா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1

அமெரிக்க விவசாயக் கல்வியின் அத்திவாரம் 1862இல் இடப்பட்டது. அவ்வாண்டு மே மாதத்தில் மத்திய விவசாயத் திணைக்களம் நிறுவப்பட்டது. அதே மாதத்தில் குடியேற்ற நிலச் சட்டம் நிறைவேறிற்று. யூலை 2ஆம் திகதி மொறில் சட்டத்தில் ஆபிரகாம் லிங்கன் ஒப்பமிட்டார். காங்கிரசில் ஒரு மாநிலத்துக்குள்ள ஒவ்வோர் உறுப்பினருக்கும் 30,000 ஏக்கர் வீதம் பொது நிலம் அம்மாநிலத்துக்கு வழங்கப்படும்; அதனை விற்றுவரும் பணத்தை முதலீடு செய்து, விவசாயமும் பொறித்தொழிலும் கற்பிக்கும் கல்லூரிகளை நடத்த வேண்டும். இதுவே மொறில் சட்டத்தின் சாரம். உழைக்கும் வகுப்பாரின் பிள்ளைகளுக்கு உயர்கல்வியின் கதவைத் திறந்த சட்டமென அமெரிக்க வரலாற்றாசிரியர் இதனைப் போற்றுவர். ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களின் மேட்டுக்குடித்தன்மையோடு ஒப்பிடும்போது அப்போற்றுதலில் நியாயமுண்டு.

ஆயின் அந்தப் 'பொது நிலம்' எவருடையது? 2020இல் வெளிவந்த விரிவான ஆய்வொன்று, இச்சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட ஏறத்தாழ 107 இலட்சம் ஏக்கர் நிலம் 250க்கு அண்மித்த பூர்வகுடி இனங்களிடமிருந்து பெறப்பட்டதென நிறுவியுள்ளது. ஒப்பந்தத்தாற் சில, பலவந்தத்தாற் பல. விவசாயம் கற்பிக்கும் கல்லூரிகளின் மூலதனமே, நிலத்தில் வாழ்ந்தவரை நிலத்திலிருந்து பிரித்ததனால் உண்டானது. முதற் குவிப்பு என மார்க்ஸ் விளக்கிய நிகழ்முறை இங்கே கல்லூரிச் சாசனத்தின் வடிவில் நிகழ்ந்தது எனலாம். பூர்வகுடிக் கல்லூரிகள் இருபத்தொன்பதுக்கு இதே நில மானியக் கல்லூரி என்னும் தகுதி கிடைத்தது 1994இல். அதாவது 132 ஆண்டுகளின் பின்னர்.

2

நிலமிழந்த ஒரு சாராரின் கதை இது. நிலத்தில் உழைத்தும் நிலம் பெறாத மறு சாராரின் கதை தென் மாநிலங்களுக்குரியது. உள்நாட்டுப் போர் முடிவுறும் தறுவாயில், 1865 ஜனவரி 16ஆம் திகதி, தென் கரொலைனா, ஜோர்ஜியா, புளோரிடா ஆகியவற்றின் கரையோரத்தில் ஏறத்தாழ 400,000 ஏக்கர் நிலத்தை, குடும்பத்துக்கு 40 ஏக்கருக்கு மேற்படாதவாறு, விடுதலை பெற்ற அடிமைகளுக்குப் பகிர்ந்தளிக்கும் கட்டளையைத் தளபதி ஷேர்மன் பிறப்பித்தார். லிங்கனின் கொலைக்குப் பின் ஆட்சிக்கு வந்த அன்ட்ரூ ஜோன்சன் அவ்வாண்டிலேயே அக்கட்டளையைப் பயனற்றதாக்கி, நிலத்தை முன்னைய பண்ணையாரிடம் மீளக் கையளித்தார். அடிமைமுறை ஒழிந்தது, பெருந்தோட்ட உடைமை ஒழியவில்லை.

இவ்விடைவெளியிலேதான் வாரக்குடிமை வேரூன்றிற்று. நிலமும் குடிசையும் கோவேறு கழுதையும் பண்ணையாருடையவை; விளைச்சலிற் பாதி அவருக்குரியது. விதைப்புக்கும் அறுவடைக்கும் இடைப்பட்ட மாதங்களில் உணவும் உடுதுணியும் பண்ணையாரின் அல்லது வணிகரின் கடையிற் கடனாகப் பெறப்பட்டன. அக்கடனுக்கு வரவிருக்கும் பருத்தியே ஈடு. ஆண்டிறுதியிற் கணக்குப் பார்த்தால் குடியானவன் கடனாளியாகவே நின்றான். கணக்கை எழுதியவர் பண்ணையார். ஆகவே எழுத்தறிவு தென் மாநிலங்களில் வெறும் பண்பாட்டுச் செல்வமாக இருக்கவில்லை, உற்பத்தி உறவையே தொடும் ஆயுதமாக இருந்தது. விடுதலை பெற்ற மக்கள் எழுத்தறிவின்மீது கொண்ட பெரும் வேட்கையை இப்பின்னணியில் வைத்தே விளங்கிக்கொள்ளல் வேண்டும். அவர்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியது மண்ணை இகழ்ந்தமையால் அன்று. அம்மண்ணின் கணக்குப் புத்தகத்திலிருந்து அவர்களை விடுவிக்கவே.

3

இவ்வேட்கைக்கு விடையாக வந்த கல்வி எத்தகையது? 1868இல் வேர்ஜீனியாவில் ஹம்ப்டன் கல்வி நிலையத்தை நிறுவிய சாமுவேல் ஆம்ஸ்ரோங், ஹவாய்த் தீவுகளிற் பணிபுரிந்த அமெரிக்க மிஷனரி ஒருவரின் புதல்வர். அத்தீவில் ஹீலோ என்னுமிடத்தில் மிஷனரிமார் நடத்திய கைத்தொழிற் பள்ளியே அவருக்கு முன்மாதிரியாய் அமைந்தது. ஹவாய்க்கு இம்மிஷனரிமாரை அனுப்பிய அதே அமெரிக்க மிஷன் சபைதான் 1823இல் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் செமினரியைத் தொடங்கியது என்பது நம் வாசகருக்கு ஆர்வமூட்டும் செய்தியாகும். வட்டுக்கோட்டையிற் கணிதமும் வானியலும் ஆங்கிலமும் தமிழும் உயர்நிலையிற் கற்பிக்கப்பட்டன. அங்கு கற்றோர் அரசாங்க உத்தியோகத்தை நாடினர் என்னும் குறை எழுந்ததும், 1855இல் செமினரி மூடப்பட்டதும் நாம் அறிந்தவை. ஒரே சபை, ஓரிடத்தில் நூற்கல்வியையும் வேறோரிடத்தில் உடலுழைப்பையும் முதன்மைப்படுத்திற்று. எவருக்கு எவ்வளவு கல்வி போதும் என்பதை ஈரிடத்திலும் தீர்மானித்தவர் கற்போர் அல்லர்.

ஹம்ப்டனில் கற்று வெளியேறிய புக்கர் ரி. வாஷிங்டன் 1881இல் அலபாமாவில் டஸ்கீகி நிலையத்தைத் தொடங்கினார். கைவிடப்பட்ட பழைய பெருந்தோட்டமொன்று 500 டொலருக்கு வாங்கப்பட்டது. 1901இல் வெளியான தம் சுயசரிதையில், நிலத்தைத் துப்புரவாக்க மாணவரை அழைத்தபோது நிகழ்ந்ததை அவர் விவரிக்கின்றார். மாணவர் பலர் முன்பே ஆசிரியராய் இருந்தவர்கள். காடு வெட்டுவது தம் தகுதிக்கு ஒவ்வுமோ எனத் தயங்கினர். வாஷிங்டன் தாமே கோடரியை எடுத்து முன்னே நடந்தார். பின்னர் மாணவர் சேர்ந்துகொண்டனர். ஏறத்தாழ இருபது ஏக்கர் பயிர்நிலமாயிற்று. பெற்றோர் பலர் தம் பிள்ளைகளுக்குப் புத்தகம் வேண்டும், வேலை வேண்டாம் என்று முறையிட்டதையும் அவர் மறைக்கவில்லை. இன்று 'மனப்பாங்குச் சிக்கல்' எனப் பேசப்படுவது கல்லூரி பிறந்த அன்றே அதனோடு உடன்பிறந்தது என்பதற்கு இஃதொரு சான்று.

அதே நூலில் இன்னுமொரு காட்சி உண்டு. புல் மண்டிய முற்றமுடைய ஓர் அறைக் குடிசையில், அழுக்குடையோடு அமர்ந்து பிரெஞ்சு இலக்கணம் படிக்கும் இளைஞன் ஒருவனைத் தாம் கண்ட மிகத் துயரமான காட்சிகளுள் ஒன்றாக வாஷிங்டன் காட்டுகின்றார். 1903இல் டு பொய்ஸ் தம் கட்டுரைத் தொகுதியில் இக்காட்சியை எடுத்துக்கொண்டு, சோக்கிரதீஸ் இதைப் பற்றி என்ன கூறியிருப்பார் என வினவினார். இலக்கிய மாணவராகிய நமக்கு இவ்விவாதம் பெரிதும் பயன்படுவது. ஒருவர் பார்வையில் அவ்விளைஞன் நகைப்புக்குரியவன். மற்றவர் பார்வையில் அவன் மனிதத்துவத்தின் உரிமையைக் கோருபவன். இருவரும் அவனிடம் கேளாத வினா ஒன்றுண்டு: புல் மண்டிய அந்த முற்றம் யாருடையது? நிலம் பண்ணையாருடையதாயின், புல்லை வெட்டுவதால் அவனுக்கு வரும் ஆக்கம் யாது?

டு பொய்ஸ் பின்னர் இவ்வினாவை அணுகினார் என்றே கொள்ளவேண்டும். 1911இல் அவர் எழுதிய நாவல் பருத்தியை மையமாகக் கொண்டது. சதுப்பு நிலத்தைத் திருத்தி உயர்ந்த பருத்தியை விளைவிக்கின்றாள் அதன் நாயகி. அவ்விளைச்சலை நிலவுடைமைக் குடும்பம் கணக்கின் பெயராற் கவர்ந்துகொள்கின்றது. உழைப்பும் அறிவும் இருந்தும் உடைமையின்றேல் விளைவு யாதாகும் என்பதைக் கட்டுரை விவாதத்தினும் தெளிவாக அந்நாவல் உணர்த்திற்று.

4

1890 ஆகஸ்ட் 30ஆம் திகதி நிறைவேறிய இரண்டாம் மொறில் சட்டம், மாணவரைச் சேர்ப்பதில் இனபேதம் காட்டும் மாநிலங்களுக்கு நிதி மறுத்தது. ஆனால் கறுப்பினத்தவருக்குத் தனிக் கல்லூரி வைத்து, நிதியை நியாயமாகப் பகிர்ந்தால் அது போதுமெனவும் கூறிற்று. தென் மாநிலங்கள் இரண்டாம் வழியையே தேர்ந்தன. '1890 கல்லூரிகள்' எனப்படுவனவற்றின் தோற்றம் இதுவே. 'நியாயமான' என்னும் சொல்லை மாநிலச் சட்டமன்றங்கள் எவ்வாறு வாசித்தன என்பதற்கு அண்மைக் காலச் சான்று உண்டு. 1987 முதல் 2020 வரையான காலத்தில் மட்டும் இக்கல்லூரிகளுக்குச் சேரவேண்டிய 1,200 கோடி டொலருக்கும் மேற்பட்ட தொகை வழங்கப்படவில்லை என, 2023 செப்ரெம்பரில் மத்திய அரசின் கல்விச் செயலாளரும் விவசாயச் செயலாளரும் பதினாறு மாநில ஆளுநர்களுக்கு எழுதினர்.

இவ்வறுமைக்கிடையிலும் அங்கு நிகழ்ந்த சாதனைகளை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. அயோவா விவசாயக் கல்லூரியின் முதற் கறுப்பின மாணவரான ஜோர்ஜ் வாஷிங்டன் கார்வர் 1896இல் டஸ்கீகிக்கு வந்தார். தொடர்ந்து பருத்தியே விளைந்து களைத்த மண்ணுக்குக் கௌபியும் கச்சானும் வற்றாளையும் மாற்றுப் பயிராகலாம் என்பதை எளிய நடையிற் சிறு வெளியீடுகளாக எழுதினார். 1906இல் கருவிகளும் விதைகளும் ஏற்றிய வண்டியொன்று டஸ்கீகியிலிருந்து கிராமங்களுக்குப் புறப்பட்டது. அதனோடு சென்ற தோமஸ் மன்றோ கம்பெல், மத்திய திணைக்களத்தின் முதற் கறுப்பின விவசாயப் போதனாசிரியர் ஆனார். கல்லூரி கமக்காரனிடம் நடந்து சென்ற அரிய நிகழ்ச்சி இது.

எனினும் கார்வரின் விஞ்ஞானம் எங்கே முட்டி நின்றது என்பதைக் கவனித்தல் வேண்டும். பருத்தியை விடுத்து வேறு பயிரிடும் சுதந்திரம் வாரக்குடியானவனுக்கு இல்லை. வணிகர் கடன் கொடுத்தது பருத்தியின் மீது. பண்ணையார் பங்கு கேட்டது பருத்தியில். மண்வளத்தின் இயல்பை அறிந்த கமக்காரனும் அவ்வறிவைப் பயன்படுத்த இயலாத நிலையிலே வைக்கப்பட்டிருந்தான். உற்பத்திச் சக்திகளின் வளர்ச்சிக்கு உற்பத்தி உறவுகள் தளையாகும் என்னும் கோட்பாட்டுக்கு, அலபாமாவின் ஒரு கௌபிப் பாத்தியைக் காட்டிலும் தெளிவான உதாரணம் தேவையில்லை.

5

இருபதாம் நூற்றாண்டின் முதற் பாதியில் அரசு வகுத்த விவசாயக் கொள்கைகள் இத்தளையை இறுக்கின. 1914இன் சிமித் - லெவர் சட்டம் நாடளாவிய விரிவாக்கல் சேவையை உருவாக்கிற்று. ஆனால் அந்நிதியை எக்கல்லூரி கையாள்வது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை மாநிலச் சட்டமன்றங்களிடம் விடப்பட்டது. தென் மாநிலங்களில் அது வெள்ளையர் கல்லூரிகளையே சென்றடைந்தது. 1933இல் வந்த விவசாயச் சீராக்கச் சட்டம், பருத்திச் செய்கையைக் குறைப்போருக்கு மானியம் அளித்தது. மானியம் பெற்றவர் பண்ணையார். பயிர் குறைந்ததால் வெளியேற்றப்பட்டவன் குடியானவன். இதனை எதிர்த்து 1934இல் ஆர்க்கன்சோ மாநிலத்தில் உருவான தென்பகுதிக் குத்தகைக் கமக்காரர் சங்கத்தில் வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஒருங்கே அமர்ந்தனர் என்பது வர்க்க ஒருமைப்பாட்டின் வரலாற்றில் நினைவுகூரத்தக்கது. 1944இல் மிசிசிப்பியில் பருத்தி பறிக்கும் இயந்திரங்கள் பகிரங்கமாக இயக்கிக் காட்டப்பட்டன. அதன்பின் பண்ணைக்குக் குடியானவனே வேண்டாதவனானான்.

1920ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் கறுப்பினக் கமக்காரர் ஏறத்தாழ 925,000 பேர். நாட்டின் கமக்காரருள் ஏழில் ஒருவர். அவர்களுள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினரே நிலமுடையோர். 1982இல் எஞ்சியோர் ஏறத்தாழ 33,000 பேர். 1997இல் 18,500 பேரளவினர். பிந்திய கணக்கெடுப்புகள் எண்ணும் முறையை மாற்றி, ஒரு பண்ணையிற் பலரைப் பதிந்தபோதிலும், நாட்டின் கமக்காரருள் அவர்களின் பங்கு இரண்டு விழுக்காட்டை எட்டவில்லை. மாணவனின் தயக்கத்தைப் பேசுவோர் முதலில் இவ்வெண்களை நோக்குதல் நன்று. தன் பாட்டனார் இழந்த நிலத்தை அறிந்த இளைஞன், அந்நிலத்தைப் பற்றிய பட்டத்தைப் பெறத் தயங்குவது அறியாமையாகாது.

6

இவ்வீழ்ச்சிக்கிடையே மாணவருக்கென எழுந்த நிறுவனமொன்று குறிப்பிடத்தக்கது. உயர்நிலைப் பள்ளிகளில் விவசாயம் பயின்ற கறுப்பின இளைஞருக்காக 1927இல் வேர்ஜீனியாவில் ஓர் அமைப்பு முகிழ்த்தது; 1935இல் அது டஸ்கீகியில் கூடித் தேசிய அளவில் 'அமெரிக்கப் புதிய கமக்காரர்' சங்கமாயிற்று. பேச்சுப் போட்டி, கால்நடை மதிப்பீடு, தலைமைப் பயிற்சி என அதன் பணிகள் விரிந்தன. 1965இல் இச்சங்கம் வெள்ளையரின் சங்கத்தோடு இணைக்கப்பட்டபோது 50,000க்கு மேற்பட்ட உறுப்பினர் இருந்தனர். இனப்பிரிவினை ஒழிய இணைப்பு வேண்டியதே. ஆனால் இணைப்பில் நிலைத்தது ஒரு சங்கத்தின் பெயரும் சின்னமும் மரபுமே, மற்றையது கரைந்தது. அரை இலட்சம் கறுப்பின இளைஞர் விவசாயத்தை விரும்பித் திரண்டிருந்தனர் என்னும் உண்மை பொது நினைவிலிருந்து பெரிதும் மறைந்துபோயிற்று. 'அவர்கள் விவசாயத்தை வெறுப்பவர்கள்' என்னும் கூற்று உலவுவதற்கு இம்மறதியும் ஒரு காரணம்.

7

இனி அழைப்பின் அண்மைக்கால வடிவத்துக்கு வருவோம். 1980களில் மிச்சிகன், பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகங்களின் மாணவரும் ஆசிரியரும் சேர்ந்து, விவசாயமும் இயற்கை வளமும் பயிலும் சிறுபான்மை மாணவருக்கான சங்கத்தைத் தொடங்கினர். தனியொருவராய் வகுப்பறையில் அமர்ந்திருந்த மாணவனுக்குத் துணை கிடைத்தது. அதன் பயன் மெய்யானது. 1992இல் விவசாயத் திணைக்களம் 1890 கல்லூரிகளின் மாணவருக்கெனப் புலமைப்பரிசில் திட்டத்தை ஏற்படுத்திற்று. கற்கைச் செலவைத் திணைக்களம் ஏற்கும், பட்டம் பெற்றபின் மாணவர் திணைக்களத்திற் பணிபுரிவர். இத்திட்டம் 2025 பெப்ரவரியில் இடைநிறுத்தப்பட்டு, எதிர்ப்புக் கிளம்பியபின் சில நாள்களில் மீண்டும் திறக்கப்பட்டமை, அதன் அத்திவாரம் எத்துணை மெல்லியது என்பதை உணர்த்திற்று.

புலமைப்பரிசில் தொடங்கி ஐந்து ஆண்டுகளின் பின், 1997இல், கறுப்பினக் கமக்காரர் அதே திணைக்களத்துக்கு எதிராக வழக்குத் தொடுத்தனர். விதைப்புக்கு வேண்டிய கடன் மறுக்கப்பட்டது, அல்லது பருவம் தவறிய பின் வழங்கப்பட்டது, முறைப்பாடுகள் விசாரிக்கப்படவில்லை என்பன குற்றச்சாட்டுகள். பிக்போர்ட் வழக்கு எனப் பெயர்பெற்ற இது 1999இல் இணக்கத்தில் முடிந்தது. 15,000க்கு மேற்பட்டோர் இழப்பீடு பெற்றனர். காலந்தாழ்த்தி வந்தோருக்காக இரண்டாம் இணக்கமாக 2010இல் 125 கோடி டொலர் ஒதுக்கப்பட்டது. ஒரே திணைக்களத்தின் ஒரு மேசையில் மகனின் புலமைப்பரிசில் விண்ணப்பமும் இன்னொரு மேசையில் தந்தையின் முறைப்பாடும் கிடந்த காலம் அது. மகனை உத்தியோகத்தனாக ஏற்க அமைப்பு ஆயத்தமாயிருந்தது. தந்தையைக் கமக்காரனாக நிலைநிறுத்த ஆயத்தமாக இல்லை. விவசாயத்தில் 'தொழில்வாய்ப்பு' என்னும் சொல்லினுள் ஒளிந்திருக்கும் முரண்பாடு இதுவே.

இம்முரண்பாட்டைக் கண்டு, அழைப்புகள் யாவும் ஏமாற்று என முடிவுகட்டுவது இயந்திரப் பாங்கான மார்க்சியமாகும். அத்தவற்றை நம்மவரும் சில வேளை செய்வதுண்டு. கம்பெல் ஏறிய வண்டியும், புதிய கமக்காரர் சங்கமும், 1967இல் தோன்றிய தென்பகுதிக் கூட்டுறவுச் சங்கங்களின் சம்மேளனமும் வேறு பாடம் கற்பிக்கின்றன. வாக்குரிமைப் போராட்டத்தில் ஈடுபட்டு, பெருந்தோட்ட வேலையையும் குடிசையையும் இழந்த பன்னி லூ ஹேமர் 1969இல் மிசிசிப்பியில் தொடங்கிய கூட்டுறவுப் பண்ணை 40 ஏக்கரிலிருந்து எழுந்தது. 1865இல் மறுக்கப்பட்ட எண் அதுவென்பது தற்செயலாயினும் பொருளுடையது. அங்கே விளைந்தவை உண்பதற்கான மரக்கறிகள். வளர்க்கப்பட்ட பன்றிகள் ஏழைக் குடும்பங்களுக்கு வழங்கப்பட்டன. பருத்தி பறித்துச் சலித்த அம்மக்கள் மண்ணை வெறுக்கவில்லை. பிறருக்காக அம்மண்ணில் உழைப்பதையே வெறுத்தனர்.

ஆகவே இளைஞரை விவசாயத்துக்கு அழைப்போர் அவர்களின் உளவியலை ஆராயுமுன் தம் அழைப்பின் உள்ளடக்கத்தை ஆராய்தல் வேண்டும். பட்டத்தோடு நிலம் பெறும் வழி உண்டா? பருவத்தே கடன் கிடைக்குமா? கல்லூரிக்குரிய நிதி கல்லூரியைச் சேருமா? விளைச்சலின் கணக்கை எழுதும் கையில் விளைவித்தவனின் கையும் இருக்குமா? இவற்றுக்கு விடையளிக்கும் அழைப்பு செவிமடுக்கப்படும் என்பதற்கு மேற்காட்டிய வரலாறே சான்று. டஸ்கீகியின் முதல் மாணவர் கோடரியைத் தொடத் தயங்கியதையும், பின்னர் இருபது ஏக்கரைத் திருத்தியதையும் சேர்த்தே நினைவிற் கொள்ளவேண்டும். அவர்களை அழைத்தவர் முன்னே நடந்தார். அவர்கள் வெட்டித் திருத்திய நிலமோ வேறொரு பண்ணையாருக்கு உரியதாக இல்லாமல், தம் கல்லூரிக்கே உரியதாயிருந்தது.